மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில்

…இல்லை, ஹீட்டரைக் கூட்டக் கூடாது, போன சனிக்கிழமை ரெண்டில்தான் வைத்திருந்தேன், இன்றைக்கும் ரெண்டிலேயே இருக்கட்டும், விரல் விறைத்தால் விறைத்துவிட்டுப் போகட்டும், தெர்மாஸ் வலது பக்கம், குல்லா மடியில், வண்டியின் மூக்கு ஏரியைப் பார்த்து, மூன்றாவது விளக்குக் கம்பத்தடியில், எல்லாம் போன வாரம் இருந்த மாதிரியே… அட, எனக்குப் புத்தி கித்தி இருக்கிறதா, ஐம்பத்தெட்டு வயசாகிறது, பஸ் நிறையப் பிள்ளைகளைப் பனியில் பத்திரமாகக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிறவள், இங்கே பிக்கப் வண்டிக்குள் என்னை நானே பூட்டிக்கொண்டு ரேடியோவில் மேட்ச் கேட்டுக்கொண்டிருக்கிறேன், கல் எறிந்தால் விழுகிற தூரத்தில் கல்லூரியின் ஐஸ் ஹாக்கி அரங்கம், அதற்குள் மொத்த ஊரும் தொண்டை கிழியக் கத்துகிறது, என் புருஷன் டுவேனும் சேர்த்துத்தான், அந்தச் சத்தம் முதலில் தகரச் சுவர் வழியாக என்னிடம் வருகிறது, அப்புறம்தான் ரேடியோக்காரன் என்ன நடந்தது என்று சொல்கிறான், ரெண்டுக்கும் நடுவில் ஒவ்வொரு தடவையும் ரேடியோ பக்கம் குனிந்துகொள்கிறேன், என்ன ஆச்சு, யாருக்கு ஆச்சு, சொல்லித் தொலையேன்… ஒன்றுமில்லை, தெரியோ தடுத்துவிட்டான், நம் கோல்கீப்பர்ப் பையன், ரப்பர் வட்டு அவன் மார்பில் பட்டு விழுந்ததாம், அப்பாடா. நம் கல்லூரி அணி நீர்நாய்கள் ஒன்று, எதிரணி ஃபேர்ஹேவன் பூஜ்யம், மூன்றாவது பீரியட், கடைசி, அதிலும் பாதி போய்விட்டது, மீதிப் பாதியைத் தாக்குப்பிடித்தால் கோப்பை நமக்கு, அடுத்த வாரம் தேசியப் போட்டிக்குப் போகலாம், பதினொரு வருஷமாக வெற்றியை விடத் தோல்வியை அதிகம் பார்த்த இந்த ஊருக்கு. எனக்கும்தான் இந்த ஊர். ஆனால் நான் உள்ளே கால் வைக்கக் கூடாது, வைத்தால் தோற்றுவிடுவார்களாம், ஆர்டிஸ் ராசியில்லாதவளாம்.

எல்லாம் ஒரு கடைவாய்ப் பல்லால் வந்த வினை. நவம்பரில் முதல் நாலு மேட்சும் நம் பையன்கள் வரிசையாகத் தோற்றார்கள், நாலுக்கும் நான் இருந்தேன், ஒன்பதாவது வரிசையில், டுவேன் பக்கத்தில், வழக்கம்போல. அஞ்சாவதற்குப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயில் பஞ்சை வைத்து வீட்டில் படுத்திருந்தேன், அன்றைக்கு ஜெயித்தார்கள். அடுத்ததற்குப் போனேன், ஆறுக்கு ஒன்று, மரண அடி. அதற்கடுத்தது என் தங்கை மகள் கல்யாணம், போகவில்லை, ஜெயித்தார்கள். அன்றைக்கு ராத்திரி பாரில் டுவேனின் தம்பி லைல்தான் ஆரம்பித்து வைத்தான், பியர் நுரை மீசையில் ஒட்டியிருக்க, "ஆர்டி, கவனிச்சியா? நீ வந்தா தோக்குறானுங்க, வராட்டி ஜெயிக்கிறானுங்க. பேசாம வாரத்துக்கு ஒரு பல்லைப் புடுங்கிக்கோ, கோப்பை நமக்குத்தான்!" எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன், முட்டாள், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தேன், சரிடா, அடுத்த வாரம் வரலை, பார்ப்போம் என்று நானே சொன்னேன், விளையாட்டுக்குச் சொன்னேன்… அன்றைக்கும் ஜெயித்தார்கள். அப்புறம் ஜெயித்துக்கொண்டே இருந்தார்கள். எந்த வாரத்தில் அது விளையாட்டாக இல்லாமல் போனது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஜனவரியில் ஒரு சனிக்கிழமை நான் பூட்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பி நின்றபோது டுவேன் சமையலறை வாசலில் வண்டிச் சாவியை உருட்டிக்கொண்டு நின்றான், என் முகத்தைப் பார்க்காமல், "நான் இதை நம்பல ஆர்டி, உனக்கே தெரியும். ஆனா…" என்றான். அந்த ஆனாவோடு நிறுத்திக்கொண்டான். நான் பூட்ஸைக் கழற்றினேன்.

எல்லோருக்கும் அந்த ஆனாதான். எங்களுக்குப் பின் வரிசையில் இருபது வருஷமாக உட்கார்கிற டோரீன், என் முதுகில் காபி கொட்டியே சிநேகிதியானவள், அவளும் அதேதான், "தப்பா எடுத்துக்காதே, இந்த ராசி கீசியெல்லாம் நான் நம்புறவளே இல்ல, ஆனா எதுக்குடி வம்பு?" மளிகைக்கடையில் கல்லாவில் இருக்கிற பெண், மூக்குத்தி போட்டவள், பால் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டே, "சனிக்கிழமை நீங்க வரலைதானே?" என்று பல்லைக் காட்டுகிறாள், சிரிப்பு வாயில்தான், கண்ணில் இல்லை. ஊரே தலைகீழாகிக் கிடக்கிறது, பேக்கரியில் டோனட்டுக்கு நீலப் பாகு, முடிவெட்டுகிற கடையில் நீல விளக்கு, சர்ச்சில் பாஸ்டர் பிரசங்கத்தை முடித்துவிட்டுக் கோட்டைத் திறந்து காட்டுகிறார், உள்ளே நீர்நாய்ச் சட்டை, ஜனங்கள் கைதட்டுகிறார்கள், கோயிலில் கைதட்டுகிறார்கள்! வீட்டுக்கு வீடு ஜன்னலில் 'இந்த வருஷம்' என்று எழுதி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான், இந்த வருஷம், ஜெயிப்போம் என்று எழுத எவனுக்கும் தைரியமில்லை, கண் பட்டுவிடுமாம். சுரங்கம் மூடியதிலிருந்து இந்த ஊரில் எதற்காவது இப்படி நம்பிக்கை வைத்திருக்கிறோமா? மூன்று மாசமாக யாரும் யாரோடும் சண்டை போடவில்லை, டுவேன் காலையில் சீட்டியடிக்கிறான், முழங்கால் வலி என்று ஒரு நாள் முனகவில்லை, நாற்பது வயது குறைந்துவிட்டவன் மாதிரி படியேறுகிறான். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சத்தியமாக. அந்தச் சந்தோஷத்துக்கு வெளியே என்னை நிற்க வைத்துவிட்டார்களே, அதுதான்… சரி, விடு.

என்ன சத்தம் அது? ஓ, பெனால்டி, அவர்கள் ஆள் ஒருத்தனுக்கு ரெண்டு நிமிஷம் வெளியே உட்கார வேண்டும். நல்லது. காபி ஆறிவிட்டது, குடிக்கலாமா, போன வாரம் மூன்றாவது பீரியடில் குடித்தேனா? குடிக்கவில்லை, மூடு. போன வாரம் அரையிறுதிக்கு டுவேனைக் கொண்டுவந்து விட்டது நான்தான், ஜெயித்தால் குடிப்பான் தோற்றாலும் குடிப்பான், யாராவது ஓட்ட வேண்டுமே, பனி அதிகமாக இருந்ததால் வீட்டுக்குத் திரும்பாமல் இங்கேயே ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், அஞ்சுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தார்கள், முடிந்தது கதை, இனிமேல் ஆர்டி வீட்டில் இருந்தால் போதாது, வண்டியில் இருக்க வேண்டும், இதே இடத்தில். இன்றைக்கு மத்தியானமே லைல் வந்து இந்த இடத்தில் ஆரஞ்சுக் கூம்பு ரெண்டு போட்டு எனக்காகப் பிடித்து வைத்திருந்தான், மகாராணிக்கு இடம் பிடித்த மாதிரி. அவன் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறான்? என் சீட்டில். என் மெத்தையில். அந்த நீல மெத்தையை நான் தைத்தேன், உள்ளே பழைய கம்பளியைத் திணித்து, பிளாஸ்டிக் சீட்டின் குளிர் எலும்புக்குள் இறங்கக் கூடாது என்று. லைல் ஹாக்கியே பார்க்காதவன், ஜனவரி வரைக்கும் ஆஃப்சைட் என்றால் என்னவென்று கேட்டவன், அவனுடைய பெரிய பின்புறம் இப்போது என் மெத்தையில். தோற்ற வருஷமெல்லாம் அங்கே உட்கார்ந்து கத்தியது யார்? எட்டுக்குப் பூஜ்யம் என்று தோற்ற ராத்திரி, பாதி அரங்கம் எழுந்து போன பிறகும், கடைசி மணி அடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து அந்தப் பையன்கள் ஐஸை விட்டுப் போகும்போது எழுந்து கைதட்டியது யார்? நானும் டுவேனும். நாங்கள் ரெண்டு பேர். கைதட்ட ஆள் இல்லாதபோது நான் வேண்டும், கைதட்ட நாலாயிரம் பேர் வந்ததும் நான் ராசியில்லாதவளா?

கடைசி நிமிஷங்கள். ரேடியோக்காரனுக்கு மூச்சு வாங்குகிறது, ஃபேர்ஹேவன் தங்கள் கோல்கீப்பரை வெளியே எடுத்துவிட்டு ஆறாவது ஆளை உள்ளே விட்டிருக்கிறது, கோல் காலி, துணிந்துவிட்டார்கள், வட்டு நம் பக்கத்திலேயே சுற்றுகிறதாம், வெளியே அடிங்களேன்டா, அடிச்சு விடுங்களேன்… கண்ணாடித் துடைப்பான் போகிறது வருகிறது, நான் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன், தெரியோ தடுத்தான், மறுபடி தடுத்தான், இன்னும் அரை நிமிஷம், அய்யோ கொஞ்சம்தான்… சுவர் அடங்கிவிட்டது. சத்தமே இல்லை. நாலாயிரம் பேர் சத்தமில்லாமல் இருந்தால் என்ன அர்த்தம்? ரேடியோக்காரன் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு இன்னும் நடக்கவில்லை, எனக்கு மட்டும் நடந்துவிட்டது, அப்புறம் அவன் குரல் விழுகிறது, ஒன்றுக்கு ஒன்று, சமம். அப்போது எனக்குள் என்னவோ துள்ளியது. நல்லா வேணும்! வாயை விட்டுச் சொல்லிவிட்டேன், வண்டிக்குள், சத்தமாக, என் காதிலேயே விழுந்தது. நல்லா வேணும் உங்களுக்கு, நான் இங்கேதானே இருக்கிறேன், கம்பத்தடியில், ஹீட்டர் ரெண்டில், இப்ப என்ன சொல்லப் போறீங்க… அடிப்பாவி. நீயா? எட்டுக்குப் பூஜ்யத்துக்குக் கைதட்டியவளா? அந்தக் கியூபெக் பையன் தெரியோ, போன வருஷம் நன்றி சொல்லும் நாள் விருந்துக்குப் போக வீடில்லாமல் என் மேஜையில் உட்கார்ந்து இறைச்சி அடைத்த பேஸ்டி மூன்று தின்றவன், இப்போது முகமூடிக்குள் அழுதுகொண்டிருப்பான், நீ இங்கே சந்தோஷப்படுகிறாயா? அந்த நேரம் பார்த்துத்தான் போன் மின்னியது, டுவேன், 'வண்டியை விட்டு இறங்கலையே?'

படித்தேன். மறுபடி படித்தேன். இறங்கலையே. எப்படி இருக்கிறாய், குளிருகிறதா, காபி இருக்கிறதா, ஒன்றும் கிடையாது. நான் நம்பல ஆர்டி, உனக்கே தெரியும்… தெரியுமா எனக்கு? தெரியோ கோட்டை விட்டால் நான் காரணம், தடுப்பாட்டக்காரன் வழுக்கினால் நான் காரணம், முப்பத்தொரு வருஷமாகப் பக்கத்தில் படுக்கிறவன் அப்படித்தான் நினைக்கிறான், உள்ளே என் சீட்டில் உட்கார்ந்திருக்கிற தடியனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு கட்டைவிரலால் தட்டி அனுப்புகிறான். சரி. நான் இறங்கினால் என்ன ஆகும் என்று நீயும் பார், நானும் பார்க்கிறேன். சாவியைத் திருகினேன், எஞ்சின் நின்றது, ரேடியோவும் நின்றது, துடைப்பான் பாதி வழியில் நின்றது. இறங்கினேன். பனி கணுக்காலுக்கு மேல், யார் காலும் படாத புதுப் பனி, முன்வாசலுக்குப் போனால் டிக்கெட் கிழிக்கிறவர் என்னைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிடுவார், பின்பக்கம் போனேன், ஐஸ் வழிக்கிற வண்டி சுரண்டி எடுத்த தூளைக் கொண்டுவந்து கொட்டுகிற குவியலைச் சுற்றி, அந்த வண்டிக்கான பெரிய கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அது எப்போதும் சரியாகச் சாத்தாது, இருபது வருஷமாகச் சாத்தாது, இந்த அரங்கத்தில் எது சாத்தும் எது சாத்தாது என்று எனக்குத் தெரியாதா? திறந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஜமாக இருந்தால்? இத்தனை நாள் சிரித்தேனே, திட்டினேனே, ஒருவேளை நிஜமாகவே இருந்துவிட்டால், நான் கால் வைத்ததும் தோற்றுவிட்டால், டுவேனின் சீட்டி, பேக்கரிக்காரியின் நீலப் பாகு, ஜன்னல் எல்லாவற்றிலும் இந்த வருஷம் இந்த வருஷம்… எல்லாவற்றையும் கெடுத்துவிட்டுப் பஸ்ஸில் எந்த முகத்தோடு உட்காருவேன்? அப்போதுதான் தெரிந்தது, நானும் நம்புகிறேன், எல்லோரையும் போல, நம்பல ஆனா. அதில் வந்த கோபத்தில்தான் காலை உள்ளே வைத்தேன்.

அம்மாடி, அந்த வாசனை. ஐஸ், ஈர ரப்பர், பாப்கார்ன் வெண்ணெய், எத்தனை வாரமாச்சு. ஐஸ் வண்டிக்குப் பின்னால், மூலைக் கண்ணாடியை ஒட்டி, இருட்டில் நின்றேன், குல்லாவைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, ஒருத்தரும் திரும்பவில்லை, எல்லோர் கண்ணும் ஐஸில், ஓவர்டைம் தொடங்கியிருந்தது, யார் முதலில் கோல் போட்டாலும் அத்தோடு முடிந்தது. எதிர்ப்பக்கம் ஒன்பதாவது வரிசை, டுவேன் எழுந்து நிற்கிறான், ரெண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, அவன் முகம் சுண்ணாம்பாக இருக்கிறது, பாவம், பாவம்டா நீ, போனைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து… ஐயோ, நான் பதிலே அனுப்பவில்லை. இப்போது அனுப்பலாமா, வண்டியிலதான் இருக்கேன் என்று, இங்கே நின்றுகொண்டா? தெரியோ எனக்கு நேராக இருக்கிறான், கோல் கம்பத்தை மட்டையால் இடதில் ஒன்று வலதில் ஒன்று தட்டுகிறான், அவனுக்கும் அது ராசி. வட்டு அவர்களிடம், அவர்களில் ஒருத்தன் அடிக்கிறான், தெரியோ விழுந்து காலால் உதைத்தான், நான் கையுறையைக் கடித்துக்கொண்டேன், வட்டு எங்கே, சுவரோரம், நம் பையன் கோவால்சிக் எடுத்தான், குட்டையன், போகிறான், போடா, நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான், பக்கத்தில் ஒருத்தனும் இல்லை, அடிக்கவில்லை, இன்னும் அடிக்கவில்லை, அடி, அடிச்சுத் தொலை… கோல்கீப்பரின் தோளுக்கு மேல் வலை சின்னதாக உப்பியது. கோல் என்று காட்டுகிற சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன், நான் உள்ளே இருந்தேன், அவர்கள் ஜெயித்தார்கள். கூரை இடிந்து விழுகிற மாதிரி சத்தம், நானும் கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, டுவேனைத் தேடினேன், அவன் லைலைக் கட்டிப்பிடிக்கவில்லை, டோரீனைப் பார்க்கவில்லை, முழங்காலை மறந்து படிகளில் ரெண்டு ரெண்டாகத் தாவி இறங்குகிறான், வாசல் பக்கம். என்னைத் தேடி வண்டிக்குப் போகிறான்! நான் திரும்பி ஓடினேன், சின்னக் கதவு, ஐஸ்தூள் குவியல், பனி, விழுந்து எழுந்து, வண்டிக்குள் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திச் சாவியைத் திருகினேன்.

ரேடியோ மறுபடி உயிர் பெற்று அலறுகிறது. கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருக்கிறது, துடைப்பான் தூக்க மாட்டாமல் முனகுகிறது, உள்ளே இருந்த சூடெல்லாம் போய்விட்டது, மூச்சு விட்டால் புகை. டுவேன் கோட்டுகூடப் போடாமல் வந்தான், கதவைப் பிடுங்குகிற மாதிரி திறந்து என்னை வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டான், அழுகிறான், என் குல்லாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "உன்னாலதான் ஆர்டி… நீ மட்டும் இங்க இல்லாம இருந்திருந்தா… உன்னாலதான்!" கல்யாணத்தன்றுகூட என்னை இப்படிக் கட்டிக்கொண்டதில்லை. சொல்லிவிட வேண்டும், இப்போதே, டேய் நான் உள்ளே இருந்தேன், பார்த்தேன், தோளுக்கு மேல் போனது… வாய் திறந்தேன், அப்புறம் அவன் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த நாலாயிரம் பேரில் யாரிடமாவது இவன் உன்னாலதான் என்று சொல்வானா? நான் உண்மையைச் சொன்னால், அடுத்த வாரம் நானும் உள்ளே போய் இவன் பக்கத்தில் உட்காரலாம், வெறும் ஆர்டிஸாக. அது வேண்டும் என்றுதானே இத்தனை மாசம் வெந்துகொண்டிருந்தேன்? அவன் கை தளர்ந்தது. என் தோளுக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கண்ணாடியை, துடைப்பான் ஓடியிருந்தால் அதில் படிந்திருக்காத பனியை. அப்புறம் கீழே. வண்டிக் கதவிலிருந்து பின்பக்கம் வரை என் பூட்ஸ் தடம், போனது ஒரு வரிசை, ஓடி வந்தது ஒரு வரிசை, விழுந்த இடத்தில் என் கையின் அச்சு, விளக்கு வெளிச்சத்தில் அப்பட்டமாக.

வாசல் பக்கமிருந்து கூச்சல், "எங்க அவ? எங்கடா நம்ம அதிர்ஷ்ட தேவதை?" லைல்தான், ரெண்டு கையிலும் பியர், பின்னால் டோரீன், அவளுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லோரும் என்னைப் பார்த்து வருகிறார்கள். டுவேன் என்னை விட்டான். விட்டுவிட்டு அந்தத் தடத்தின் மேல் நடந்தான், காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து, பின்பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், திரும்பி, மறுபடி இழுத்துக்கொண்டே வந்தான், என் கையச்சின் மேல் நின்று பூட்ஸைத் தேய்த்தான். "இந்த முழங்கால்… குதிச்சதுல புடிச்சுக்கிச்சு" என்றான், யாரும் கேட்காமலே. டோரீன் என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள், அழுகிறாள், "என்னை மன்னிச்சுடுடி, ஆனா பாரு, பாரு!" லைல் என் கையில் பியரைத் திணித்தான், "அடுத்த வாரம் தேசியப் போட்டிக்கு அங்க பார்க்கிங் எப்படின்னு விசாரிச்சுட்டேன், அரங்கத்துக்கு நேர் எதிர்லயே இருக்கு, விளக்குக் கம்பம்கூட இருக்காம்!" எல்லோரும் சிரித்தார்கள். டுவேனும் சிரித்தான், என்னைப் பார்க்காமல், "அதுக்குள்ள வண்டிய நான் கழுவி வைக்கிறேன்" என்றான்.

இப்போது வீட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் பின்னால் எல்லா வண்டிகளும் ஹார்ன் அடித்துக்கொண்டு போகின்றன, ஜன்னல் ஜன்னலாக இந்த வருஷம். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான், என் நீல மெத்தை அவன் மடியில், லைலிடமிருந்து எப்போது வாங்கினான்? என் தடத்தைக் காலால் தேய்த்து அழித்தானே, எதற்கு, ஊர் என்னைச் சும்மா விடாது என்றா, இல்லை, அடுத்த சனிக்கிழமை அந்த அரங்கத்துக்கு எதிரில் நான் உட்கார்ந்தாக வேண்டும் என்றா? கேட்டால் சொல்வானா, முதலில் அவனுக்கே தெரியுமா? சிக்னலில் சிவப்பு விழுந்தது, நிறுத்தினேன். "கால் நனைஞ்சிருச்சா?" என்று கேட்டான், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு. "இல்ல" என்றேன். அவன் கையை நீட்டி ஹீட்டரை மூன்றுக்குக் கூட்டி, காற்றை என் கால் பக்கம் திருப்பிவிட்டான்.